பினாங்குக்குப் போன லேபிள்

பினாங்கிலிருந்து வந்த கடிதத்தை வைத்தியருக்குப் படித்துக் காட்டியவள் நான்தான். நீல நிற விமானத் தபால், நெருக்கி எழுதிய தமிழ். இரண்டாவது பத்தியில் படிப்பதை நிறுத்திவிட்டேன். வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, எழுத்து புரியலையா?"

"புரியறது ஐயா" என்று சொல்லிவிட்டு மேலே படித்தேன்.

நாங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய திராட்சாரிஷ்டப் பெட்டிகளைப் பினாங்குச் சுங்கத்தார் துறைமுகக் கிடங்கிலேயே நிறுத்திவிட்டார்கள். பாட்டில் லேபிளில் இங்கிலீஷில் 'மெடிக்கேட்டட் ஒயின்' என்று அச்சாகியிருக்கிறது. ஒயின் என்றால் மது. மதுவை இறக்க அந்த ஊரில் தனி லைசென்ஸ் வேண்டும். ஆல்கஹால் எவ்வளவு என்று லேபிளில் போட வேண்டும். இறக்குமதி செய்கிறவர் பெயரும் அதிலேயே இருக்க வேண்டும். இல்லை, இது மருந்துதான் என்றால், சென்னை ராஜ்ய சர்க்காரிடம் மருந்து என்று சர்டிபிகேட் வாங்கி, வேறு லேபிள் ஒட்ட வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் சரக்கைக் கொட்டி அழித்துவிடுவார்கள். அதற்கு மூன்று மாதம் கெடு.

எங்கள் சரக்கை அங்கே வாங்கி விற்கும் வியாபாரி கடைசி வரிகளை மட்டும் அழுத்தி எழுதியிருந்தார். "ஒயின் என்று போட்ட பெட்டிகளின் மேல் என் பெயரை, பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்று தொழுகிறவர்கள் பார்த்துவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்காக அடுத்த கப்பலில் திருச்சிக்கு வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம்."

வைத்தியர் எழுந்து நின்றார். "ஒயினா? எவன் போட்டான் ஒயின்னு?"

போட்டவள் நான். அப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஐம்பதுகள் முடியப்போகிற காலம் அது. ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் டவுன் பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கி, பெரிய கடைவீதியில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. முதலாளிதான் அந்த வைத்தியர்; உப்பிலியபுரத்துப் பக்கத்து வைத்தியக் குடும்பம். பச்சைமலை அடிவாரத்திலிருந்து அவருக்கு மூலிகையும் காட்டாத்திப் பூவும் மூட்டை மூட்டையாக வரும். முன்பக்கம் கடையும் ஆபீசும். பின்கட்டில் மருந்து காய்ச்சும் இடம். அதற்கும் பின்னால் ஜாடி அறை. உலர்ந்த திராட்சைக் கஷாயத்தில் வெல்லமும், புளிக்க வைக்கும் காட்டாத்திப் பூவும் போட்டு, பீங்கான் ஜாடிகளில் ஊற்றி, வாயைச் சீலைமண்ணால், அதாவது களிமண் தோய்த்த துணியால், பூசி, உமிக்குள் புதைத்து வைப்பார்கள். நாற்பது நாள் அது தானாகப் புளித்து, பொங்கி, அடங்கும். பிறகு வடிகட்டினால் திராட்சாரிஷ்டம். சாராயம் என்று வெளியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சேர்ப்பதில்லை.

பினாங்கு வியாபாரி பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர். பதினெட்டு வயதில் கப்பலேறி, அங்கே மளிகையும் மருந்தும் விற்கும் கடை வைத்திருந்தார். எங்கள் தைலங்களையும் அரிஷ்டத்தையும் இரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார். மலாயா சுதந்திரம் அடைந்த பிறகு, எல்லா லேபிளிலும் இங்கிலீஷ் இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார். தமிழ் லேபிளை இங்கிலீஷில் போடும் வேலை மேனேஜருக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். அந்த வாரம் அவருக்குக் கண் ஆபரேஷன். வைத்தியர் என்னிடம் கொடுத்தார்.

தமிழ் லேபிளில் "உலர்ந்த திராட்சையை ஊறவைத்துத் தெளியவைத்த ரசம்" என்று இருந்தது. நான் படித்தது கன்னிகாஸ்திரீகள் நடத்திய பள்ளியில். அங்கே பைபிள் சொல்லிக்கொடுக்கும் வேத பாட வகுப்பில் கல்யாண வீட்டில் தண்ணீர் திராட்சை ரசமாக மாறிய கதையை இங்கிலீஷிலும் தமிழிலும் மாறி மாறிப் படித்திருக்கிறோம். இங்கிலீஷில் அது ஒயின், தமிழில் திராட்சை ரசம். எனக்குத் தெரிந்த ஒயின் அவ்வளவுதான். அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மது என்றால் கள்ளு, சாராயம். 'மெடிக்கேட்டட் ஒயின் ஆஃப் டிரை கிரேப்ஸ்' என்று டைப் அடித்ததும், வைத்தியரின் வாசகத்தைவிட என் வாசகம் அழகாக இருப்பதாக எனக்குள் ஒரு பெருமை வந்தது. அச்சாபீசிலிருந்து ப்ரூஃப் வந்தபோது மேனேஜர் பச்சைக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பியிருந்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சுருக்கொப்பம்தான் இப்போது வைத்தியரின் மேஜைமேல் இருந்தது. ப்ரூஃபைத் தேடி எடுத்துவரச் சொல்லியிருந்தார். மேனேஜரைக் கூப்பிட்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"படிச்சுப் பார்த்துப் போட்டதா, பார்க்காமப் போட்டதா?"

மேனேஜர் காகிதத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனார். முகம் வெளிறியது. "என் கையெழுத்துதாங்க" என்று மட்டும் மறுபடியும் சொன்னார்.

"மதுவிலக்குக்காரன் கையில இந்த லேபிள் கிடைச்சா என்ன ஆகும்னு தெரியுமா? கடைக்குப் பூட்டு. எனக்கு ஜெயில். நாப்பது வருஷமா எங்கப்பா கட்டின பேரு!"

மேனேஜர் ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. டைப் அடித்தது யார் என்று அவருக்குத் தெரியும். நான் டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே அடித்து முடித்த ஒரு கடிதத்தை மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வழக்கமான பஸ்ஸில் வீடு திரும்பினேன். வீட்டில் அம்மா தளிகை உள்ளில் சமைத்துக்கொண்டிருந்தாள். டைபாய்டு வந்து எழுந்த உடம்பு. இரண்டு மாதமாக எங்கள் திராட்சாரிஷ்டத்தைத்தான் தினம் இரண்டு வேளை தண்ணீர் கலந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். நான் இருந்த இருப்பில் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஒயின்னா என்னடி?" என்றாள் அம்மா.

"வெள்ளைக்காரா குடிக்கறது. திராட்சையைப் புளிக்க வச்சு."

"இதுவும் புளிக்க வச்சதுதானே?"

கூடத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த அப்பா, "மருந்துக்கு தோஷம் கிடையாது" என்றார். அம்மா ஸ்பூனைக் கழுவி வைத்தாள், மருந்தை ஊற்றவில்லை. "தோஷம் உண்டா இல்லையான்னு கேக்கல. என்னன்னு தெரிஞ்சுண்டு சாப்டணும், அவ்வளவுதான்" என்றாள். பாட்டிலை மாடத்தில் கடைசிக்குத் தள்ளினாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த மேனேஜர் உன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன்.

மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது மேனேஜர் எனக்காகக் காத்திருந்தார். கையால் எழுதிய ஒரு காகிதத்தை என் மேஜையில் வைத்தார்.

"ஒரிஜினல் ஒண்ணு, காப்பி ஒண்ணு அடிச்சுடும்மா."

அவருடைய ராஜினாமாக் கடிதம். உடல்நலக் குறைவால் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது. லேபிளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கார்பன் வைத்து, தாளைச் சுருட்டி ஏற்றி, தேதி அடித்தேன். 'ஐயா' என்று அடித்தேன். அதற்குமேல் விரல் ஓடவில்லை. தாளை உருவி எடுத்துக்கொண்டு வைத்தியர் அறைக்குப் போனேன். அவர் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் எழுந்து போகும்வரை நின்றேன். அந்த இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

"ஐயா, ஒயின்னு எழுதினது நான். அவர் இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். வேத பாட வகுப்பையும் சொன்னேன். வைத்தியர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்த ஊர்ல மதுவிலக்கு இருக்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஐயா. ஒயின் மதுன்னு தோணலை."

"நேத்து ஏன் சொல்லலை?"

"பயந்துட்டேன்."

வெளியே மேனேஜர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "அது சின்னப் பொண்ணுங்க. படிக்காமக் கையெழுத்துப் போட்டது நான். அது மாறாது" என்றார். வைத்தியர் என் கையிலிருந்த தாளை வாங்கி, தேதியும் 'ஐயா'வும் மட்டும் இருந்ததைப் பார்த்தார். நான்காக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

"யாரும் போக வேண்டாம். ஆனா ஒண்ணு. பினாங்கு பாய் வந்து உட்கார்றப்ப நீ இங்க இருக்கணும்மா. நீ எழுதினதை நீயே அவர்கிட்டச் சொல்லணும்."

அவர் வருவதற்கு முந்தைய நாட்களில் ஆபீசில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மீதியிருந்த லேபிள் கட்டுகளைப் பின்கட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார் வைத்தியர். மருந்து காய்ச்சும் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் அவை நாள்கணக்கில் கிடந்தன. எரித்துவிடலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு கட்டைப் பிரிப்பார், மறுபடி கட்டுவார்.

பினாங்குக்காரர் வந்தபோதும் அந்தக் கட்டுகள் அங்கேயேதான் இருந்தன. நல்ல உயரம்; வெள்ளைச் சட்டை, கருப்பு வெல்வெட் தொப்பி. எப்போது வந்தாலும் டீயை ரசித்துக் குடிப்பவர், அன்றைக்கு டம்ளரைத் தள்ளி வைத்தார். "டீ அப்புறம் குடிக்கலாம். முதல்ல அந்த லேபிளை எழுதினது யாருன்னு சொல்லுங்க."

நான் எழுந்து நின்று சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "உட்காரு தங்கச்சி" என்றார். பிறகு வைத்தியர் பக்கம் திரும்பினார்.

"இது தெரியாமப் போட்டிருக்கு. சரி. நீங்க தெரிஞ்சவரு. நான் ஒண்ணு கேக்கறேன். அதுல போதை இருக்கா, இல்லையா?"

"சாராயம் ஒரு சொட்டு சேர்க்கறதில்லை பாய்."

"சேர்க்கறீங்களான்னு கேக்கலை. இருக்கான்னு கேக்கறேன்."

"தானா ஊறி உண்டாகிறது கொஞ்சம் இருக்கும். மருந்தளவுக்குச் சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது."

"பாட்டிலை முழுசாக் குடிச்சா?"

வைத்தியர் மேஜைமேல் இருந்த கடிதத்தை எடுத்து மறுபடி மடித்தார்.

"என் வீட்டுக்காரிக்கு மூணாவது புள்ளை பிறந்தப்ப உடம்பு தேறணும்னு இதைத்தான் கொடுத்தேன்" என்றார் பினாங்குக்காரர். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என்னைப் பெத்த அத்தாவுக்குக் கடைசி காலத்துல கொடுத்தேன். நோன்பு திறந்துட்டு இதை ஒரு மூடி குடிப்பாரு. ரெண்டு வருஷம். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"அரிஷ்டம்னாலே ஊறவச்சதுதான். மருந்து தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பேரே போதும்."

"எனக்கு மருந்து தெரியாது. எனக்கு லேபிள்தான் தெரியும்."

மேனேஜர் நடுவில் பேசப் பார்த்தார். இருவரும் கையமர்த்தினார்கள். வைத்தியருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. "இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க? ஆல்கஹால் இவ்வளவுன்னு லேபிள்ல போட்டா அங்க சரக்கு இறங்கும், இங்க என்னைப் பிடிச்சு உள்ளே வைப்பான். சர்டிபிகேட் கேட்டுப் போனா, ஒயின்னு அச்சடிச்சதை நானே போய் ஒத்துக்கணும். பேசாம அங்கேயே கொட்டிட்டு விட்டுடச் சொல்லுங்க. இங்க இருக்கிற லேபிளை நான் எரிச்சுடறேன்."

பினாங்குக்காரர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். அடுப்பருகில் கிடந்த கட்டுகளைப் பார்த்தார். திரும்பி வந்து நின்றார்.

"இங்க இருக்கறதை எரிச்சுடுவீங்க. அங்க கிடங்குல என் பேரைப் போட்டு நிக்கற பெட்டியை எப்படி எரிப்பீங்க? கொட்டினா, மது கொண்டாந்தான், அதனால கொட்டினாங்கன்னு ஊரு சொல்லும். மருந்துன்னா மருந்துன்னு சர்க்கார் எழுதித் தரட்டும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். நீங்க போய் உண்மையைச் சொல்லுங்க. நான் கூட வரேன்."

அப்படித்தான் நாங்கள் நால்வரும் கன்டோன்மென்டில் இருந்த மதுவிலக்கு அலுவலகத்துக்குப் போனோம். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கள்ளச்சாராயக் கேசில் பிடித்த இரண்டு பேரை எங்கள் முன்னால் விலங்கோடு நடத்திப் போனார்கள். வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி லேபிளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "ஒயின்" என்று மெதுவாகச் சொன்னார். "யாரு எழுதினது?"

நான் சொன்னேன். இப்படி ஒருவர் முன் நின்று சொல்வது இது மூன்றாம் முறை. அவர் எதையும் சட்டென்று முடிவு செய்கிறவரல்ல. வெளிச்சரக்காகச் சாராயம் சேர்த்த மருந்து வேறு, தானாக ஊறிய மருந்து வேறு என்று சட்டத்தில் உண்டு என்றார். ஆனால் அது எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை ஜாடியைப் பார்க்காமல் தன்னால் சொல்ல முடியாது என்றார். மறுநாள் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். மூன்று பாட்டிலில் மாதிரி எடுத்து அரக்கு முத்திரை வைத்துச் சென்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். ஜாடி அறைக் கதவை அடைத்து, பூட்டின்மேலும் முத்திரை வைத்தார்.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஒரு ஜாடியும் திறக்கக் கூடாது."

வைத்தியர் பதறினார். "ஐயா, உள்ளே பொங்கிக்கிட்டிருக்கிற ஜாடி இருக்கு. வேளைக்குப் பார்த்து மண்ணைத் தளர்த்தணும்."

"நான் அனுமதிக்க முடியாதுங்க. மன்னிக்கணும்."

அந்தப் பூட்டு பதினேழு நாள் தொங்கியது. வேலையாட்கள் பாட்டில்களைக் கழுவினார்கள். கழுவினதையே மறுபடி கழுவினார்கள். கதவுக்கு அருகில் போனால் உள்ளே மெல்லிய சீறல் கேட்கும். ஒவ்வொரு நாளும் வைத்தியர் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருவார். வீட்டில் மகள் கல்யாண வேலையை வைத்துக்கொண்டும், பினாங்குக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போவார். அவருடைய கப்பலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் நாற்காலி அந்தக் கதவைப் பார்த்தபடி இருந்தது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே குண்டு போட்டாற்போல ஒரு சத்தம். எல்லோரும் ஓடினோம். ஒரு ஜாடி வெடித்திருந்தது. கதவுக்கு அடியிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு ஓடை மெதுவாக வெளியே வந்து, உமித் துகளைச் சுமந்துகொண்டு, முற்றத்துச் சாக்கடை நோக்கிப் போனது. வெல்லமும் திராட்சையும் புளித்த வாசனை கடைவீதிவரை எட்டியது. வேலையாள் ஒருவன் பூட்டில் கை வைத்தான். "தொடாதே!" என்று வைத்தியர் அலறினார். முத்திரை உடைந்தால் கேஸ். யாரும் எதையும் செய்ய முடியாமல் நின்றோம். மேனேஜர்தான் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துக் கன்டோன்மென்டுக்குப் போனார்.

அதிகாரி வந்து தரையில் ஓடியதைப் பார்த்தார். குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தார். வைத்தியர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு யாரும் சாராயம் ஊத்தத் தேவையில்லைன்னு இப்ப தெரியுது" என்றார் அதிகாரி. தன் முன்னிலையிலேயே முத்திரையை உடைத்து, மற்ற ஜாடிகளின் மண்ணைத் தளர்த்தவிட்டு, மறுபடி முத்திரை வைத்தார். அன்று இரவு அப்பாவிடம் வேலையை விட்டுவிடவா என்று கேட்டேன். "இப்ப விட்டா ஓடிப்போனதா ஆகும்" என்றார்.

ரிப்போர்ட் வந்தது. தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு. மருந்துக்குச் சட்டம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து சேர்த்ததற்கு அடையாளமில்லை. சர்டிபிகேட் தர அதிகாரி சம்மதித்தார். இரண்டு நிபந்தனை. ஒயின் என்ற சொல் போக வேண்டும். தானாக உண்டான ஆல்கஹால் இருக்கிறது என்று இங்கிலீஷில் தெளிவாகப் போட வேண்டும்.

அன்றைக்கே பினாங்குக்காரரை வரவழைத்தோம். அவர் மகள் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். கையில் மருதாணிச் சிவப்பு ஒரு விரலில் மட்டும் இருந்தது. வாசகத்தை நான் படித்தேன். இங்கிலீஷில் மூன்று வரி. கீழே தமிழில் பழைய வரியே இருந்தது: உலர்ந்த திராட்சையை ஊறவைத்துத் தெளியவைத்த ரசம்.

"தமிழ்ல ஏன் அதைப் போடலை?" என்றார்.

"அதிகாரி இங்கிலீஷ்லதான் கேட்டாரு" என்றார் வைத்தியர்.

"இங்கிலீஷ் படிக்கிறவனுக்கு மட்டும் உண்மையைச் சொன்னாப் போதுமா? என் அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது."

"அதைத் தமிழ்ல போட்டா இங்க யாரு பாய் வாங்குவா? ஸ்ரீரங்கத்துல வாங்குவாங்களா? உங்க பாலக்கரையில வாங்குவாங்களா? வியாபாரமே படுத்துடும்."

"அப்ப தெரிஞ்சா வாங்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

வைத்தியர் மேஜையில் அடித்தார். மைக்கூடு குதித்தது. "என்னைத் திருடன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை."

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். பேச வேண்டிய இடம் அது அல்ல என்று தெரிந்தும் நான் வாயைத் திறந்தேன். "ஐயா, எங்கம்மா ரெண்டு மாசமா இதைத்தான் சாப்பிட்டா. லேபிள் விஷயம் கேட்ட அன்னிலேர்ந்து தொடலை. தோஷம்னு இல்லை. என்னன்னு தெரிஞ்சுண்டு சாப்பிடணும்கறா. சொல்லியிருந்தா அவ விட்டிருக்க மாட்டாளோ என்னவோ."

வைத்தியர் என் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தமிழ்ல எப்படிப் போடுவே?"

எனக்கு ஆல்கஹாலுக்குச் சரியான தமிழ் தெரியாது. சாராயம் என்று போட வைத்தியர் சம்மதிக்க மாட்டார். சாரம் என்று போட பினாங்குக்காரர் சம்மதிக்க மாட்டார். நாலைந்து விதமாக அடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு தாளையும் மேஜையைச் சுற்றி மூவரும் வாங்கி வாங்கிப் படித்தார்கள். வெளிச்சம் போய், கடைப் பையன்கள் விளக்கைப் போட்ட பிறகு ஒரு வரி நின்றது: 'ஊறும்போது தானாக உண்டான மதுச்சத்து இதில் உண்டு. அளவுக்கு மேல் அருந்தக் கூடாது.' மேனேஜர் அதை மூன்று முறை உரக்கப் படித்து, ஓரத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அச்சுக்குக் குடு" என்றார் வைத்தியர்.

பினாங்குக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இப்பத்தான் லேபிள் சரியா இருக்கு. அதனாலதான் இனிமே இதை என்னால விக்க முடியாது. மதுச்சத்து இருக்கறதை விக்க எங்க மார்க்கத்துல கூடாது."

"இவ்வளவும் பண்ணிட்டா?" வைத்தியர் மறுபடி எழுந்துவிட்டார்.

"சரக்கைக் கொட்டவிட மாட்டேன். சர்டிபிகேட்டையும் புது லேபிளையும் நானே எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டறேன். பினாங்குல நம்ம தமிழ் மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவர் எடுத்துக்குவாரு. இனிமே அரிஷ்டத்துக்கு அவர்கிட்டப் பேசிக்கங்க. தைலம் எல்லாம் நான் எப்பவும் போல வாங்கறேன். இன்ஷா அல்லா, நம்ம உறவு கெடாது."

கப்பலுக்கு முந்தைய நாள் அவர் மறுபடி வந்தார், எங்கள் சரக்குப் பட்டியலோடு. ஒவ்வொரு மருந்தாக விரலை வைத்து, "இதுல இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். தெரியாததை நான் உள்ளே போய் வைத்தியரிடம் கேட்டு வந்து சொன்னேன். ஆசவம் என்று முடிகிற, அரிஷ்டம் போலவே ஊறவைத்த நாலைந்தும் பட்டியலிலிருந்து அடிபட்டன. பாதியில் தலையைத் தூக்கி, "வீட்டுக்காரிகிட்டச் சொல்லிட்டேன்" என்றார். "அழுவான்னு நினைச்சேன். 'தெரியாமக் குடிச்சது குத்தமில்லை, தெரிஞ்சதுக்கப்புறம் மறைச்சாத்தான் குத்தம். என்கிட்டச் சொல்லிட்டீங்கல்ல'ன்னு சொல்லிட்டா." அதன்பிறகு அடுத்த மருந்துக்கு விரலை நகர்த்தினார். அன்றைக்கு டீ குடித்தார்.

கெடு முடிவதற்கு நாலு நாள் முன்பு பினாங்கிலிருந்து தந்தி வந்தது. சரக்கு விடுபட்டது. கிடங்கு வெக்கையில் பாதிப் பாட்டில்கள் புளித்துக் கெட்டுப்போயிருந்தன, மீதி விற்றன. உள்ளூரிலும் வைத்தியர் பயந்தபடியே ஓரிரு வருஷம் அரிஷ்டம் குறைவாகத்தான் போனது. அதற்காக அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. நான் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போன அறுபதுகளின் நடுவரை எல்லா லேபிளையும் நானே எழுதினேன், மேனேஜர் படித்தார்.

புது லேபிள் வந்த மாதத்தில் பர்தா அணிந்த ஒரு அம்மாள் கடைக்கு வந்து, மருமகளுக்குப் பிள்ளைப்பேறு ஆகி உடம்பு தேறவில்லை, திராட்சாரிஷ்டம் வேண்டும் என்றார். கடையாள் பாட்டிலை எடுத்துவிட்டான். வைத்தியர் நாடி பார்க்கும் இடத்திலிருந்து எழுந்து வந்தார்.

"இதுல தானா ஊறின மதுச்சத்து கொஞ்சம் இருக்கும்மா. பரவாயில்லைன்னா கொடுக்கறேன். வேணாம்னா கஷாயம் தரேன். குணம் கொஞ்சம் மெதுவாத் தெரியும்."

அந்த அம்மாள் யோசித்தார். "கஷாயமே கொடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றார் வைத்தியர். பாட்டிலைத் தானே அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, கஷாயத்துக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.